சுத்தியல் ஒளிந்திருக்கும் சொல்: ‘மேலியபிள்’ என்பதைத் தமிழாக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கடினமான சொற்களைக் கண்டுதான் அஞ்சுவார்கள். ஆனால் அவர்களை உண்மையில் காலை வாரிவிடுபவை, பள்ளிக்கூடத்திலேயே பொருள் படித்துவிட்டோம் என்ற துணிச்சலில் கடந்துபோகும் சொற்களே. ‘மேலியபிள்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்த வகையைச் சேர்ந்தது. அகராதியைத் திறந்தால் அதற்கு இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து நிற்கும். அடித்தாலும் அழுத்தினாலும் உடையாமல் உருவம் மாறிக்கொள்ளும் பொருள் என்பது ஒன்று. பிறருடைய பேச்சுக்கும் செல்வாக்குக்கும் எளிதில் ஆட்பட்டு மாறிவிடும் மனிதர் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பில்தான் தவறு தொடங்குகிறது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஓர் அமைச்சரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் இந்தச் சொல் வந்தபோது, பாடநூலில் படித்த நினைவை நம்பி ‘தகடாகும் தன்மை கொண்ட அமைச்சர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் அந்தத் தொடரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘எந்தப் பட்டறையில்?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த ஒற்றைக் கேள்வி அன்று எனக்கு அவமானமாக இருந்தாலும், இந்தச் சொல்லைக் கையாளுவதற்கான முதல் பாடம் அதற்குள்ளேயே இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

முதற்படி: சொல்லுக்குள் இருக்கும் கருவியைக் கண்டுபிடியுங்கள்

இலத்தீன் மொழியில் ‘மல்லியஸ்’ என்றால் சுத்தியல். அதிலிருந்து ‘சுத்தியலால் அடித்தல்’ என்னும் வினை பிறந்து, அதிலிருந்து ‘அடிக்கத்தக்க’ என்னும் பொருளுடைய பெயரடை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மரச்சுத்தியலைக் குறிக்கும் ‘மேலட்’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் நடுச்செவியில் உள்ள மூன்று சிறிய எலும்புகளில் ஒன்றுக்கு மருத்துவ நூல்கள் ‘மல்லியஸ்’ என்றே பெயர் சூட்டியிருக்கின்றன. அதைத் தமிழில் சுத்தி எலும்பு என்கிறோம். பக்கத்து எலும்புக்குப் பட்டடை எலும்பு என்று பெயர் இருப்பதால், காதுக்குள்ளேயே ஒரு கொல்லுப்பட்டறை நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்த வேர் மறக்கவே மறக்காது.

ஆங்கிலத்தில் இச்சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்படத் தொடங்குகிறது. அக்காலத்துக் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளுள் ஒன்றில், இரசவாதம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஏமாற்றுக்காரர், பாதரசத்தை உங்கள் கண்முன்னாலேயே நல்ல வெள்ளியாக்கி ‘மேலியபிள்’ ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு பாதிரியாரிடம் வாக்களிக்கிறார். பாதரசம் சாதாரண வெப்பநிலையில் திரவமாகவே இருப்பதால் சுத்தியல் பட்டால் சிதறி ஓடுமே தவிரத் தகடாகாது. ஆகவே அடித்தால் தாங்கும் என்பதே அது வெள்ளியாகிவிட்டது என்பதற்குச் சான்று. பாதிரியார் அதை நம்பி 40 பவுண்டு கொடுத்து ஏமாறுகிறார். அந்த இடத்தில் சொல்லின் பொருள் உலோகத்தை மட்டுமே சார்ந்தது. மனிதரைக் குறிக்கும் பொருள் பின்னால் கிளைத்தது. இருந்தாலும், பேச்சில் மயங்கி உருமாறிப்போன மனிதர் ஒருவர் அந்தச் சொல்லுக்கு எதிரிலேயே நிற்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வராமல் இருந்ததில்லை.

வேரைத் தேடுவது புலமை காட்டுவதற்கு அன்று. சுத்தியல் என்றால் அதைப் பிடிக்கும் கை ஒன்று உண்டு, அடி உண்டு, அடிபட்ட பிறகு மாறிய உருவம் அப்படியே நிற்பதும் உண்டு. இம்மூன்றும் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் தமிழ்த் தொடரில் இவற்றுள் எது விடுபட்டாலும் பொருள் சற்றே நழுவிவிடும்.

இரண்டாம் படி: பொருளைப் பற்றிய வாக்கியமானால் பட்டறைக்குப் போய் வாருங்கள்

எங்கள் தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர் ஒருவர், குங்குமச் சிமிழின் மூடிக்காக வெள்ளித் துண்டொன்றைத் தகடாக்குவதை ஒரு முற்பகல் முழுவதும் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் நீளத்தில் இருந்த அந்தத் துண்டைப் பட்டடையின் மேல் வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அவர் தட்டத் தட்ட, அது வெற்றிலை விரிவதைப் போல மெல்ல அகன்றது. சற்று நேரத்தில் சுத்தியலின் ஓசை மாறியது. முதலில் மந்தமாகக் கேட்டது பிறகு கணீரென்று ஒலிக்கத் தொடங்கியது. அவர் உடனே அடிப்பதை நிறுத்தி, தகட்டைக் கரி நெருப்பில் வைத்து ஊதுகுழலால் ஊதி, மங்கிய சிவப்பு ஏறியதும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார். ‘அடிக்க அடிக்க முரண்டு பிடிக்கும் தம்பி, ஒரு தடவை காய்ச்சிட்டா மறுபடியும் சொன்னபடி கேட்கும்’ என்றார்.

அவர் சொன்னது உலோகவியல் கூறும் உண்மையே. அடி வாங்க வாங்க உலோகத்தின் உள்ளமைப்பு நெருக்குண்டு இறுகுகிறது. அந்த நிலையிலும் தொடர்ந்து அடித்தால் விளிம்பில் வெடிப்பு விழும். காய்ச்சும்போது உள்ளமைப்பு மறுபடி ஒழுங்குபட்டுப் பழைய மென்மை திரும்புகிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளராகிய நான் அந்த வாக்கியத்தில் கவனித்தது வேறொன்று. ஆங்கிலம் உலோகத்துக்கு உரிய சொல்லை எடுத்து மனிதருக்குப் பொருத்தியிருக்க, பத்தரோ மனிதருக்கு உரிய ‘முரண்டு பிடித்தல்’, ‘சொன்னபடி கேட்டல்’ என்னும் வினைகளை எடுத்து உலோகத்துக்குப் பொருத்தியிருந்தார். ஒரே பாலத்தை இரண்டு மொழிகளும் எதிரெதிர்க் கரைகளிலிருந்து கடந்திருக்கின்றன. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அறிவியல் கட்டுரையானால் ‘தகடாகும் தன்மை’ என்பதே போதும். பாடநூல் வழியாக மாணவர்களுக்குப் பழகிய சொல்லை விட்டுவிட்டுப் புதியதொன்றைப் படைப்பதால் நன்மை எதுவும் இல்லை. ஆனால் அதை ‘டக்டைல்’ என்னும் சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது ‘இழுத்தல், நடத்திச் செல்லுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்குக் கம்பியாக நீளும் தன்மை என்று பெயர். அடி வாங்கும் திறனும் இழுப்புக்கு ஈடுகொடுக்கும் திறனும் வெவ்வேறானவை. ஈயத்தைக் கல்லால் தட்டினால்கூடத் தகடாகிவிடும். அதையே மெல்லிய கம்பியாக இழுக்க முயன்றால் அறுந்துவிடும். தங்கத்துக்கு இரண்டு திறனுமே உச்சத்தில் இருக்கின்றன. ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அடித்து விரிக்கவும் முடியும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பியாக இழுக்கவும் முடியும். தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத் தாள் ஒட்டுவது அந்த முதல் திறனால்தான் கைகூடுகிறது. போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை: ‘கம்பி நீட்டுதல்’ என்பதற்குத் தமிழில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுதல் என்ற பொருளும் இருப்பதால், அந்த அறிவியல் சொல்லை மனிதர் பக்கம் தவறியும் கொண்டுபோகாதீர்கள்.

புதியவர்கள் அடிக்கடி எழுதும் இன்னொரு பிழை ‘வார்க்கத்தக்க’ என்பது. வார்ப்பது உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது. அங்கே சுத்தியலுக்கு வேலையே இல்லை. சாதாரண வார்ப்பிரும்பை ஓங்கி அடித்தால் அது விரியாது, உடையும். அந்த உடையும் குணத்தைக் குறைப்பதற்காகவே, வெள்ளை வார்ப்பிரும்பைப் பல மணி நேரம் சூட்டில் வைத்துப் பதப்படுத்தி ஒரு தனி வகையை உண்டாக்குகிறார்கள். குழாய் இணைப்புகளில் அது மிகுதியாகப் பயன்படுகிறது. அந்த வகையின் ஆங்கிலப் பெயரில் ‘மேலியபிள்’ என்ற அடைமொழி இருப்பதைக் கண்டதும் ‘தகட்டு இரும்பு’ என்று எழுதிவிடாதீர்கள். யாரும் அதைத் தகடாக அடிப்பதில்லை. எளிதில் உடையாத வார்ப்பிரும்பு என்று வெளிப்படையாக எழுதினால் படிப்பவருக்கும் விளங்கும், கடைக்காரருக்கும் விளங்கும்.

பொருள்கள் உலோகமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. களிமண், பிசைந்த மாவு, மெழுகு, ஊறிய பிரம்பு ஆகியவற்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் இச்சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கெல்லாம் தமிழில் கைகொடுக்கும் சொல் ‘பதம்’. குயவர் மண் பதமாக இருக்கிறது என்பார். வீட்டில் மாவு பதமாக வந்துவிட்டது என்பார்கள். வேலை செய்வதற்கு ஏற்ற இளக்கம் வந்துவிட்டது என்ற பொருளை இந்தச் சொல் ஓசையின்றிச் சுமந்துகொள்கிறது. ‘எளிதில் உருமாற்றக்கூடிய தன்மையை அடைந்த மாவு’ என்று எழுதுபவர் சப்பாத்தி இட்டதே இல்லை என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

உருவம் மாறிய பிறகு என்ன ஆகிறது என்பதையும் இதே படியில் பார்த்துவிட வேண்டும். ரப்பரை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது, அது மீள்தன்மை. தகடு திரும்புவதில்லை. இந்த வேறுபாட்டை உலோகத்தில் கவனித்துப் பழகியவர்தான் மனிதரிடத்திலும் கவனிப்பார்.

மூன்றாம் படி: மனிதரைப் பற்றிய வாக்கியமானால் மூன்று கேள்விகள் கேளுங்கள்

யார் மாற்றுகிறார், மாறியது நிலைக்கிறதா, எழுதியவர் புகழ்கிறாரா பழிக்கிறாரா என்பவையே அந்தக் கேள்விகள். மூன்றாவதே மிக முக்கியமானது என்பேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் ஒரு குழந்தையின் மனத்தைப் பற்றி வரும்போது நம்பிக்கை தரும் சொல்லாகவும், ஒரு நீதிபதியைப் பற்றி வரும்போது வசையாகவும் ஆகிவிடுகிறது. தமிழில் இந்த இரண்டு நிறங்களுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், நிறத்தை முடிவு செய்யாமல் சொல்லைத் தேடப் போனால் வழி தவறிவிடும்.

பழிப்பாக வரும் இடத்தில் எனக்கு முதலில் தோன்றுவது ‘எடுப்பார் கைப்பிள்ளை’. யார் தூக்கினாலும் அவர் இடுப்பில் அமர்ந்துகொள்ளும் குழந்தையைப் போன்றவர் என்னும் இந்தத் தொடரில், பிடிக்கும் கையும் இருக்கிறது, தனக்கென ஒரு பிடிமானம் இல்லாத நிலையும் இருக்கிறது. சுத்தியலின் வன்மை மட்டும் இதில் இல்லை. அந்த வன்மையும் வேண்டும் என்றால் தமிழ் வேறொரு பழமொழியை வைத்திருக்கிறது: ‘இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்.’ இலத்தீன் வேரில் உள்ள சுத்தியல், இரும்பு, எளிதில் இணங்கிப்போகும் மனிதர் ஆகிய அத்தனையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலச் சொல் அடிபடும் உலோகத்தின் குணத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. நம் பழமொழியோ ஒரு படி மேலே போய், இளகியவரைக் கண்டால் அடிக்கும் கைக்கு வரும் உற்சாகத்தையும் சொல்லிவிடுகிறது. செய்தி நடைக்கு இது பொருந்தாது என்றாலும், பத்தி எழுத்திலும் கதையிலும் இதற்கு ஈடான மொழிபெயர்ப்பு எனக்கு வேறு கிடைத்ததில்லை.

பலரும் கைவைக்கும் ‘தலையாட்டி பொம்மை’யை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். எது சொன்னாலும் ஆமாம் போடுபவரைக் குறிக்க அது பொருத்தமானதுதான். ஆனால் தலையை ஆட்டுபவர் மாறிவிட்டார் என்று பொருள் இல்லை. தஞ்சாவூரில் செய்யும் அடி கனத்த பொம்மையைத் தள்ளிப் பாருங்கள். எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து பழைய நிலையிலேயே நிற்கும். அது மீள்தன்மைக்கு உவமை ஆகுமே தவிர, அடித்த அடியில் உருமாறிப்போவதற்கு உவமை ஆகாது.

புகழ்ச்சியாகவோ நடுநிலையாகவோ வரும் இடங்களில், குறிப்பாகக் குழந்தைகளைப் பற்றிய கட்டுரைகளில், ‘பச்சை மண்’ என்னும் வழக்கு மிக நெருக்கமானது. ‘அது பச்சை மண்ணு, அதுக்கு என்ன தெரியும்’ என்று பாட்டிமார் சொல்லும்போது, இன்னும் சூளையில் வேகாத, எந்த உருவத்தையும் ஏற்கத் தயாராக இருக்கும் களிமண் என்ற உவமை அதற்குள் இருக்கிறது. மனத்தில் பதிவதைச் சொல்ல ‘பசுமரத்தாணி’ உண்டு. இளமையில்தான் மாற்ற முடியும் என்ற கருத்து வந்தால் ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பதை மொழிபெயர்ப்பில் வெளிப்படையாக மேற்கோளாக்காமல், அதன் சாயலில் ‘வளையும் வயது’ என்று எழுதினாலே போதும். தமிழ் வாசகர் மிச்சத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

ஆனால் அதே களிமண்ணை அப்படியே எடுத்து ‘அவன் களிமண் போன்றவன்’ என்று எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழில் தலைக்குள் களிமண் இருப்பது மந்தபுத்தியைக் குறிக்கும். பச்சை மண்ணுக்கும் களிமண்ணுக்கும் ஒரு சொல்தான் வேறுபாடு, ஒன்று கொஞ்சல், மற்றொன்று திட்டு. இத்தகைய பள்ளங்கள் இந்தப் பாதை நெடுகிலும் இருக்கின்றன. ‘இளகிய மனம்’ என்றால் இரக்கமுள்ள மனம். அதைச் செல்வாக்குக்கு ஆட்படும் மனம் என்ற பொருளில் எழுதினால் வாசகர் அந்த மனிதரை நல்லவர் என்று எண்ணிக்கொள்வார். இரும்போடு சேரும்போது மட்டுமே ‘இளகுதல்’ ஏமாளித்தனத்தின் பக்கம் சாய்கிறது. ‘நெகிழ்ந்தார்’ என்றால் கண் கலங்கினார் என்றே இன்று பொருள்படும். போதாக்குறைக்கு அந்த வேரிலிருந்து பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்துவிட்டதால், ‘நெகிழித் தன்மை உடைய இளைஞர்கள்’ என்று எழுதப்பட்ட ஒரு படியை நானே திருத்தியிருக்கிறேன். ‘குழைந்தார்’ என்றால் காரியம் ஆவதற்காகப் பணிந்து பேசினார் என்று ஆகிவிடும். ‘மெழுகாய் உருகினார்’ என்பது காதலுக்கும் பக்திக்கும் உரியது. ‘பக்குவமானவர்’ என்பது மிகவும் விந்தையான பள்ளம். மண்ணுக்கோ மாவுக்கோ பக்குவம் வந்தால் அது உருவம் கொடுக்கத் தயார் என்று பொருள், மனிதருக்குப் பக்குவம் வந்தால் இனி அவரை யாரும் எளிதில் அசைக்க முடியாது என்று பொருள்.

‘மசிதல்’ என்னும் வினையைத் தனியே சொல்ல வேண்டும். பிறருடைய வற்புறுத்தலுக்கு இணங்கிப்போவதை இது துல்லியமாகக் குறிக்கிறது; ஆனால் வழக்கில் இது பெரும்பாலும் எதிர்மறையிலேயே வரும். ‘எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், ஆள் மசியவில்லை’ என்போம். ‘அவர் நன்றாக மசிபவர்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் ‘மேலியபிள் அல்லாத’ என்ற கருத்து வந்தால் உடனே இதை எடுத்துக்கொள்ளுங்கள். உடன்பாட்டில் வந்தால் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: அண்டை வீட்டுச் சொற்களைப் பிரித்தறியுங்கள்

ஆங்கிலத்தில் இதே தெருவில் குடியிருக்கும் சொற்கள் சில உண்டு. ‘பிளையபிள்’ என்பது ‘மடித்தல்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதில் அடி இல்லை, மடிப்பு மட்டுமே இருக்கிறது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கிறித்தவ உருவகக் கதையான ‘மோட்சப் பிரயாண’த்தில் இந்தப் பெயரிலேயே ஒரு பாத்திரம் வருகிறது. கதைத் தலைவன் சொன்னதைக் கேட்டதும் ஆர்வத்தோடு கூடவே புறப்பட்டுவிடும் அந்த ஆள், வழியில் முதல் சேற்றுக்குழியில் விழுந்ததும் கோபித்துக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். மடித்ததை எளிதில் பிரித்துவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. சுத்தியல் அடித்த தகடு அப்படித் திரும்பி வராது. இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் மனத்தில் வைத்துக்கொள்வது இவ்வாறுதான்.

‘பிளெக்சிபிள்’ பெரும்பாலும் பாராட்டு. வளைந்து கொடுப்பவர், சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்பவர் என்று எழுதலாம், நாணலை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் அதிகாரி ‘வளைந்து கொடுப்பார்’ என்று தமிழில் எழுதினால் அதற்குள் கையூட்டின் வாடை வந்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘டொசைல்’ என்பது ‘கற்பித்தல்’ என்னும் வேரிலிருந்து வந்து, அடங்கி நடப்பவரைக் குறிக்கிறது. ‘கல்லிபிள்’ என்பவர் எதையும் நம்பிவிடும் வெகுளி. அவர் ஏமாறுவாரே தவிர, அவருடைய குணம் மாறவேண்டும் என்பதில்லை. ஏமாளியும் எடுப்பார் கைப்பிள்ளையும் ஒருவராகவே இருக்கலாம். ஆனால் சொற்கள் ஒன்றல்ல.

ஐந்தாம் படி: உலோகமும் இல்லை, மனிதரும் இல்லை என்றால்

நினைவு, சட்டம், வரையறை, அடையாளம் போன்ற கருத்துப் பொருள்களோடு இந்தச் சொல் சேரும் இடங்களே இப்போது மிகுதியாக வருகின்றன. உளவியல் கட்டுரைகளில் ‘நினைவு மேலியபிள் ஆனது’ என்று படிப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. 45 மாணவர்களுக்குச் சாலை விபத்துக் காட்சிகளைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாற்றப்பட்டது. கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றார்கள். ‘தொட்டபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றார்கள். கேள்வியே சுத்தியலாகி, நினைவைத் தட்டி விரித்திருக்கிறது.

இங்கே ‘தகடாகும் நினைவு’ என்று எழுதினால் கேலிக்கூத்து. ‘எடுப்பார் கைப்பிள்ளையான நினைவு’ என்றாலும் பொருந்தாது. இத்தகைய இடங்களில் பெயரடையைக் கைவிட்டு, நடப்பதை வினையால் சொல்லிவிடுவதே தமிழுக்கு இயல்பானது. ‘நினைவு, கேட்கப்படும் கேள்விக்கு ஏற்ப உருமாறக்கூடியது’ என்று எழுதலாம். பொது வாசகருக்கானால் ‘கேட்கிறவர் கேட்கிற விதத்தில் நினைவும் மாறிவிடுகிறது’ என்று இன்னும் எளிதாகச் சொல்லலாம். சட்டப் பிரிவானால் ‘எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ள இடந்தரும் பிரிவு’ என்றால் குறிப்பிலுள்ள குறைகூறலும் சேர்ந்து வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக இருப்பது தமிழில் ஐந்து சொல்லாக நீண்டுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அடைமொழிகளை அடுக்கி ஒரு பெயர்ச்சொல்லின் தலையில் ஏற்றுவதைவிட வாக்கியத்தின் முடிவில் ஒரு வினையை நிறுத்துவதுதான் நம் மொழியில் சுமை குறைவானது.

கடைசிப் படி: எழுதியதைப் பட்டறைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்

எழுதி முடித்த வாக்கியத்தை உரக்கப் படித்து, உலோகத்தைப் பற்றியதானால் ஒரு பத்தர் முன்னாலும், மனிதரைப் பற்றியதானால் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னாலும் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முடிந்தால் உண்மையிலேயே சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் தொடரை மாற்ற வேண்டும். நான் ‘உருவமேற்புத் தன்மை’ என்று ஒருமுறை பெருமையோடு உருவாக்கிய சொல்லை என் அத்தையிடம் சொன்னபோது, அவர் அது ஏதோ சாமி வருவதைப் பற்றியது என்று நினைத்துவிட்டார். அன்றே அதை அடித்துவிட்டேன்.

இப்போது பத்தரின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். ‘சொன்னபடி கேட்கும்’ என்பது உலோகத்துக்கும் பொருந்துகிறது, மனிதருக்கும் பொருந்துகிறது. அதைவிட முக்கியமாக, யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவரைப் பொறுத்து அதன் நிறமும் மாறுகிறது. ‘சொன்னபடி கேட்கும் வெள்ளி’ என்றால் வேலைக்கு ஏற்ற வெள்ளி. ‘சொன்னபடி கேட்கும் பிள்ளை’ என்றால் பாராட்டு. அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி ‘அவர் சொன்னபடி கேட்பார்’ என்றால், யார் சொன்னபடி என்ற கேள்வி உடனே எழுந்து, பாராட்டு வசையாகிவிடும். ஆங்கிலச் சொல்லின் இரட்டைக் குணத்தை ஒரே தொடரில் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் வரும்போதெல்லாம், குறிப்பாக ஆசிரியர் உலோகத்தையும் மனிதரையும் ஒப்பிட்டு எழுதியிருக்கும் பத்திகளில், நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். கலைச்சொல் பட்டியல் எதிலும் இது இடம்பெறாது. அதனால் இதன் தகுதி குறைந்துவிடவும் இல்லை.

என்னுடைய பழைய அமைச்சரைப் பிற்பாடு இவ்வாறு திருத்தினேன்: ‘அந்தத் துறைக்கு உறுதியான ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், வந்தவர் எடுப்பார் கைப்பிள்ளையாக இருந்தார்.’ மெய்ப்புப் பார்த்த பெரியவர் இந்த முறை சிவப்பு மையைத் திறக்கவில்லை.